நேசையன் கண்ணில் பட்ட வயர்

குளச்சலில் இருந்து மண்டைக்காடு போகிற ரோட்டில் நேசையனைத் தெரியாதவர்கள் யாரும் கிடையாது. ஐம்பத்தாறு வயது, முப்பது வருஷமாக மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிற வேலை. வாழைத்தோப்புப் பம்பு, ஐஸ் கம்பெனி மோட்டார், மாவு மில் மோட்டார், எது மூச்சை நிறுத்தினாலும் அவர் கடை வாசலில்தான் வந்து இறங்கும். மனிதர் உடனே மீட்டரை எடுக்க மாட்டார். மூடியைக் கழற்றுவார், மூக்கை உள்ளே கொண்டுபோய் ஓர் இழுப்பு இழுப்பார். "காயில் கருகியாச்சு" என்பார், இல்லையென்றால் "பேரிங்கு" என்பார். சொன்னது சொன்னபடி இருக்கும். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சமல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர் வந்து, "அண்ணே, எங்க வீட்டு மோட்டாரு ஒரு மாதிரி இரையுது" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மத்தியானம் சோறு இறங்காது.

நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் காதுபட இன்னொரு மெக்கானிக்கைப் புகழ்ந்துவிடக் கூடாது. முகம் அப்படியே கோணிப் போகும். இத்தனை வருஷமும் பக்கத்தில் அப்படி ஒருவன் இல்லாததால் இந்தக் குணம் வெளியே தெரியாமல் கிடந்தது.

அப்புறம் சஃப்வான் வந்தான்.

ஷார்ஜாவில் ஏழு வருஷம் பேட்டரி வண்டிகளைப் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். முப்பத்திரண்டு வயது. உலகத்தில் வேறு இடமே கிடைக்காத மாதிரி நேசையன் கடைக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், பேட்டரி ஸ்கூட்டருக்கென்று கடை போட்டான். திறந்த அன்றைக்கு ஒரு தட்டு நிறைய பேரீச்சம்பழம் கொண்டுவந்து நீட்டினான்.

"அண்ணே, காயில் கட்டுற வேலை வந்தா நான் உங்களுக்குத்தான் அனுப்புவேன், கேட்டியளா?"

நேசையன் ஒரு பழத்தை வாயில் போட்டு, "கொள்ளாம், நல்ல காரியம்" என்றார். வீட்டுக்குப் போனதும் பொண்டாட்டி லீலாபாயிடம் குதித்தார்.

"அவன் எனக்கு அனுப்புவானாம்! ஏட்டி, கேட்டியா? அவன், எனக்கு!"

"நல்ல மனசோட சொன்னதுக்கு என்னத்துக்கு இந்தப் பாடு?" என்றாள் லீலாபாய். அவளுக்கு எப்போதுமே அடுத்தவன் மனசுதான் நல்ல மனசாகத் தெரியும் என்று நேசையன் அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டார்.

முதல் அடி இசபெல் வழியாக விழுந்தது. இசபெல் குளச்சல்காரி. காலையில் துறைமுகத்தில் மீன் ஏலம் பிடித்து, பேட்டரி ஸ்கூட்டரின் பின்னால் பெட்டியைக் கட்டி, மண்டைக்காடு, திங்கள்சந்தை என்று வீடு வீடாகச் சாளையும் அயிலையும் விற்பவள். அந்த ஸ்கூட்டர் ஓடினால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். ஒருநாள் கைப்பிடியைத் திருகினால் வண்டி முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்ற இடத்திலேயே கிடந்து துள்ளியது. அப்படியே நேசையன் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

இந்த வண்டிக்கு மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே வட்டமாகக் காந்தங்கள். வெளியே வருவது மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்று தடித்த வயர்கள்; அவை போய்ச் சேருவது பேட்டரிக் கரண்டைப் பங்கு வைத்து அனுப்புகிற கண்ட்ரோலர் பெட்டியில். நேசையன் மோந்து பார்த்தார், கருகின வாடை இல்லை. மீட்டரை வைத்தார். வயர் அறுந்திருந்தால் மீட்டர் கத்தாது, அறாமல் இருந்தால் 'பீப்' என்று கத்தும். மஞ்சளுக்குக் கத்தியது. பச்சைக்குக் கத்தியது. நீலத்துக்கும் கத்தியது.

"மோட்டாரும் வயரும் கல்லு மாதிரி இருக்கு. கண்ட்ரோலராக்கும் போனது" என்று தீர்ப்புச் சொன்னார். இசபெல் கடன் வாங்கிப் புதுக் கண்ட்ரோலர் போட்டாள். நாலே நாளில் வண்டி மறுபடியும் அதே துள்ளல்.

இந்தத் தடவை அவள் வண்டியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளினாள். நேசையன் தன் கடைக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்தார். என் கண் முன்னாலேயா? பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் ஸ்டூலைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரு சாயா குடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும். இசபெல் வண்டியை ஓட்டிக்கொண்டே வந்து கடை வாசலில் நிறுத்தினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, சரியாயிட்டு! அவன் மீட்டர கையால தொடல்ல, கேட்டியளா. வீல தூக்கி நிறுத்திட்டு, கண்ட்ரோலர் பக்கம் வயர கழத்தி, ரெண்டு ரெண்டு வயரா சேத்துப் பிடிச்சு வீல கையால சுத்தினான். பச்சையும் நீலமும் சேத்தா வீலு கனமா சுத்துது. மஞ்சள எதுகூட சேத்தாலும் லேசா ஓடுது. அப்பம் மஞ்சள்லதான் குத்தம்னான். சாக்கெட்ட பிரிச்சா உள்ள உப்புக்காத்து பட்டு களிம்பு பிடிச்சு கெடக்கு. நாலு செம்பு நூலுல தொங்குது. புதுக் கண்ட்ரோலர் போடயில கழத்தி மாட்டினதுல கொஞ்சம் பிடிச்சு நாலு நாளு ஓடிச்சாம். மீட்டருக்கு அந்த நாலு நூலு போதுமாம், அதான் கத்துதாம். வண்டிய இழுக்கதுக்கு அது காணாதாம். ஏன் கனமா சுத்துதுன்னா..."

"போதும், போதும். வீல சுத்திக் குறி சொல்லுவானா அவன்? உடுக்கு எங்க?"

"இல்லண்ணே, அது என்னன்னா, உள்ள காந்தம்..."

"எனக்கு வேலை கெடக்கு இசபெலே."

அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அவள் சொல்ல வந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் அவர் முழுசாகக் கேட்டிருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது. அதுதான் நேசையன். தெரியாது என்று காட்டிக்கொள்வதைவிடத் தெரியாமலே இருந்துவிடுவது அவருக்குச் சுலபம்.

அன்றிலிருந்து காயில் கட்டுகிற கை காயில் கட்டிக்கொண்டிருக்கும், கண் மட்டும் எதிர்க்கடையில் கிடக்கும். இன்றைக்கு மூன்று வண்டி. அதில் ஒன்று தன் சபையைச் சேர்ந்தவனுடையது, துரோகி. சஃப்வான் சிரித்தால் எரிச்சல், சிரிக்காவிட்டால் திமிர். ரோட்டில் பார்த்து அவன் "அண்ணே" என்று தலையாட்டினால், ஊரார் முன்னால் நடிக்கிறான் என்று இன்னும் எரிச்சல். லீலாபாய் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"இஞ்ச பாருங்க. ஒரு நாளு போயி, இதை எப்படிப் பாக்கன்னு அவன்ட்ட கேட்டா என்ன? குறைஞ்சா போயிருவிய?"

"நானா? அவன்ட்டயா? ஏட்டி, உனக்கென்ன பிராந்து பிடிச்சிருக்கா?"

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜும்ஆ தொழுகை நேரம். சஃப்வான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். இசபெல் வந்து எதிர்க்கடையைப் பார்த்தாள், பிறகு இந்தப் பக்கம் திரும்பி நேசையன் முன்னால் வண்டியை நிறுத்தினாள்.

"அண்ணே, பின் வீலு பக்கம் என்னமோ ஒரசுற மாதிரி சத்தம் கேக்கு. சஃப்வான் இருந்தா அவன்ட்டயே காட்டியிருப்பேன். நீங்க ஒரு கண்ணு பாருங்களேன்."

அவன்ட்டயே காட்டியிருப்பேன். அந்த ஒரு சொல் நேசையன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவன் இல்லாததால்தான் நான்! குனிந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. சாக்கெட் மாற்றின கையோடு சஃப்வான் வயரை இழுத்துக் கட்டாமல் விட்டிருக்கிறான். அச்சுக்குள்ளிருந்து வெளியே வருகிற இடத்தில் வயர் இரும்பு விளிம்பில் உரசி உரசி, மஞ்சளுக்கும் பச்சைக்கும் தோல் உரிந்து செம்பு பளபளத்தது. இரண்டும் தொட்டுக்கொள்ள ஓர் அரிசி இடைவெளிதான் பாக்கி. கொஞ்சம் டேப், ஒரு கட்டு. அஞ்சு நிமிஷ வேலை. டேப் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

நேசையன் குனிந்தபடியே யோசித்தார். இரண்டு வயர் தொட்டால் என்ன ஆகும்? பம்பு மோட்டாரில் என்ன ஆகுமோ அதுதானே. ஃபியூஸ் போகும், வண்டி நின்றுவிடும். நாளைக்குத் துறைமுக ஏலத்தில் அத்தனை பேர் முன்னாலும் இசபெல் வண்டியை வைத்துக்கொண்டு முழிப்பாள். "யாருட்டி ரிப்பேர் பாத்தது?" என்று கேட்பார்கள். "சஃப்வான்" என்பாள். தள்ளிக்கொண்டு மறுபடியும் இந்தப் பக்கம் வருவாள். வரட்டும்! அதை நினைக்கையிலேயே அவருக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

நிமிர்ந்தார்.

"ஒண்ணும் இல்ல. மண்ணு கேறியிருக்கு. நீ போ."

"செரிண்ணே" என்று அவள் போனாள். நேசையன் மறுநாளுக்காகக் காத்திருந்தார், கல்யாணத்துக்குக் காத்திருப்பது போல.

மறுநாள் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, மண்டைக்காடு இறக்கத்தில் பெட்டி நிறைய மீனோடு வேகமாக வந்துகொண்டிருந்த இசபெல், நடு ரோட்டில் தூக்கி எறியப்பட்டாள். பின் சக்கரத்தை யாரோ கையால் எட்டிப் பிடித்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாள். ரோட்டோர மணலில் வண்டி வழுக்கிச் சாய்ந்துவிட்டது. வலது மணிக்கட்டும் தோள் எலும்பும் முறிந்தன. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டியை ஆட்டோக்கார ரிஜோவும் இன்னும் இரண்டு பேரும் சஃப்வான் கடை முன்னால் கொண்டுவந்து போட்டார்கள்.

நேசையன் ரோட்டைத் தாண்டி ஓடினார். அந்தக் கடை வாசலில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வண்டியைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். பின் சக்கரம் முக்கி முக்கித்தான் நகர்ந்தது. சாவி இல்லை, பேட்டரியைக் கழற்றி வைத்தாயிற்று. கரண்டே இல்லாத மோட்டாரை எது பிடித்து வைத்திருக்கிறது? அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சஃப்வான் குனிந்தான். ஒட்டிக்கிடந்த மஞ்சளையும் பச்சையையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் பிரித்துவிட்டான். சக்கரம் சரசரவென்று சுற்றியது. மறுபடி தொட வைத்தான். முக்கியது.

"உள்ள காந்தம் இருக்குல்லா அண்ணே" என்றான். "ஓடுற வீலு தானே கரண்டு உண்டாக்கும். ரெண்டு வயர் தொட்டா அந்தக் கரண்டு திரும்பி வீலையே பிடிக்கும். மோட்டாரே பிரேக்கு ஆயிரும். நான் வயர இழுத்துக் கட்டாம விட்டது தப்பு. என் தப்புதான்."

நேசையனுக்கு அப்போதுதான் உறைத்தது. வயர் தொட்டால் பம்பு நிற்கும், இது சக்கரத்தையே பிடிக்கும். இவ்வளவு நாளும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு நான் கேட்காமல் விட்டது இதைத்தானா? வீட்டுக்குப் போய்ப் படுத்தவர், தலைவலி என்று சொல்லி இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

அவர் ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது. சஃப்வான் கடைக்கு ஒரு வண்டி வரவில்லை. போகிறவன் வருகிறவனெல்லாம் அந்தப் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினான். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக நேசையன் வாசலில் வந்து நின்றார்கள். சஃப்வான் தன் செலவில் வண்டியைச் சரிசெய்து, ஆஸ்பத்திரிக்குத் தினமும் போய்வந்தான். இசபெலின் வலது கை இன்னும் இரண்டு மாதம் பெட்டியைத் தூக்காது என்று டாக்டர் சொன்னதாக லீலாபாய் வந்து சொன்னாள். நேசையன் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். யாருக்குத் தெரியப்போகிறது?

பன்னிரண்டாம் நாள் ரிஜோவின் ஆட்டோவில் இசபெல் சஃப்வான் கடை வாசலில் வந்து இறங்கினாள். கையில் மாவுக்கட்டு. வண்டியைப் பார்க்க வந்திருந்தாள். நேசையனைப் பார்த்ததும், "அண்ணே, நீங்களும் இஞ்ச வாங்க" என்று இடது கையைக் காட்டிக் கூப்பிட்டாள். போகாமல் இருக்க முடியவில்லை, போனார். பக்கத்துச் சாயாக்கடையில் நின்ற நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள்.

"கல்ஃப்ல போயி படிச்சிட்டு வந்தது இதாக்கும்" என்று ரிஜோ சஃப்வானைப் பார்த்துச் சொன்னான்.

இசபெல் அவன் மேல் பாய்ந்தாள். "ஏலே, சும்மா இரு. அவனை மட்டும் எல்லாரும் என்னத்துக்குச் சொல்லுதிய? விழுகதுக்கு முந்தின நாளு நான் நேசையன் அண்ணன்ட்ட காட்டினேன். அண்ணனே குனிஞ்சு பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னாரு. அவரு கண்ணுக்கே அகப்படாதது இவனுக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் நேசையனைப் பார்த்தார்கள். ரிஜோ சிரித்தான்.

"அண்ணனுக்குக் கண்ணு பிடிக்காம இருந்திருக்கும். வயசாச்சுல்லா. இந்தப் புது மோட்டாரெல்லாம் அவருக்கு எங்க?"

நேசையன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், தப்பித்துவிடலாம். அப்போதுதான் சஃப்வான், பாவம், பெரியவருக்குப் பரிந்துகொண்டு வந்தான்.

"அண்ணனைச் சொல்லாதிய. அது ஒரு சின்ன எடம். குனிஞ்சு பாத்தாலும் பட்டுன்னு தெரியாது. எனக்கே தெரிஞ்சிருக்காது."

எனக்கே! நேசையன் ஓர் எட்டு முன்னால் வந்தார். இந்தப் பயல், எனக்கே என்கிறான்! முப்பது வருஷம் மோந்து பார்த்தே குத்தம் கண்டவனுக்கு இவன் வக்காலத்தா?

"உனக்குத் தெரியாது! எனக்கா தெரியாது?" என்று கத்தினார். "மஞ்சளும் பச்சையும் தோலு உரிஞ்சு செம்பு பளபளன்னு நின்னுது. நடுவுல ஒரு அரிசி எடந்தான் பாக்கி. குனிஞ்ச ஒடனே தெரிஞ்சிட்டு. நான் பாத்தேனாக்கும்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சாயாக்கடைக்காரன் ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டான். சஃப்வான் தலையைக் குனிந்துகொண்டான்.

இசபெல் கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"அதப் பாத்த பொறவா அண்ணே, என்னப் போன்னு சொன்னிய?"