பூமத்திய ரேகை தாண்டாத பீப்பாய்

ஓட்வார் கார் ஏற்றும் படகின் கேப்டன். ஃபியோர்டு என்ற குறுகலான கடற்கழியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை, அங்கிருந்து மறுபடி இந்தக் கரை; வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இதே பிழைப்புதான். கடல் என்று சொல்லிக்கொள்ளும்படி எதையும் அவர் பார்த்ததில்லை. அதைச் சொல்லிக்காட்டவென்றே ஒரு மச்சான் வாய்த்திருந்தார்.

மனைவி யூருனின் அண்ணன் தோர்லைஃப், ஓய்வு பெற்ற கப்பல்காரர். கிறிஸ்துமஸ் தவறாமல் ஒரு புட்டி அக்கவிட்டோடு வந்து மேசையின் தலைப்பக்க நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். உருளைக்கிழங்குச் சாராயத்தில் சீமைச் சோம்பு ஊறப்போட்டு, ஷெர்ரி பீப்பாயில் அடைத்து, கப்பலில் ஆஸ்திரேலியா வரை அனுப்பித் திரும்ப வரவழைத்த சரக்கு. அலை குலுக்க வேண்டும், வெக்கை தாக்க வேண்டும், போகும்போதும் வரும்போதும் பூமத்திய ரேகையைத் தாண்ட வேண்டும்.

"மாப்ளே, இந்தச் சரக்கு பார்த்த கடலை நீ கனவுலகூடப் பார்த்திருக்க மாட்டே!"

போன கிறிஸ்துமஸில் இதற்கு யூருனும் சிரித்துவிட்டாள். ஓட்வாருக்குச் சுருக்கென்றது. அடுத்த கிறிஸ்துமஸுக்குள் தானே ஓர் அக்கவிட் பக்குவப்படுத்தி, மச்சான் வாயால் 'நல்லாயிருக்கு' என்று சொல்லவைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

கடைச் சாராயமும் சோம்பும் நிரப்பிய சின்ன ஷெர்ரி பீப்பாய் ஒன்று படகின் எஞ்சின் அறைக்குப் போனது. மேலே 'கழிவு எண்ணெய்' என்று எழுதிவைத்தார். அங்கே வெக்கைக்குப் பஞ்சமில்லை. குலுக்கல்தான் போதவில்லை. அதனால் துறைக்கு வரும்போதெல்லாம் படகை வேண்டுமென்றே மோதி நிறுத்தினார். ஒருநாள் போதகரின் மடியில் காபி கொட்டியது.

"என்ன ஓட்வார், குடிச்சிருக்கியா?"

"இன்னும் இல்லீங்க போதகரே. டிசம்பர்லதான்."

சனிக்கிழமைகளில் அக்கரைக் கடைக்குப் போகும் தோர்லைஃப் மட்டும் முணுமுணுத்ததே இல்லை. "குளிருது மாப்ளே" என்று நேராக எஞ்சின் அறைக்குப் போய்விடுவார்.

கிறிஸ்துமஸ் வந்தது. உப்புக்கண்ட ஆட்டு விலா வெந்து வீடெல்லாம் மணத்தது. தோர்லைஃப் கையை வீசிக்கொண்டு வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புட்டி எங்கண்ணே?" என்றாள் யூருன்.

"பனியில வழுக்கி உடைஞ்சிருச்சும்மா."

ஓட்வார் தன் சரக்கை ஊற்றினார். தோர்லைஃப் ஒரு மடக்கு குடித்துக் கண்ணை மூடினார்.

"மாப்ளே, இது பூமத்திய ரேகை தாண்டின சரக்கு."

"எங்க எஞ்சின் ரூமைத் தாண்டலை மச்சான்."

"தாண்டியிருக்குங்கறேன்! பாதியாவது தாண்டியிருக்கு!"

"அதென்ன கணக்குண்ணே, பாதி?"

தோர்லைஃபின் காது சிவந்தது. "சனிக்கிழமைல அந்தப் பீப்பாய்லேர்ந்து சும்மா ஒரு மடக்குன்னுதான் ஆரம்பிச்சேன். நிறுத்த முடியலைம்மா. பாதி காலியாயிருச்சு. வீட்ல இருந்த என் புட்டி அத்தனையையும் கொண்டாந்து ஊத்தி ரொப்பிட்டேன்."

யூருன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த முறை அது ஓட்வாருக்குத் தேனாக இனித்தது.

"அப்போ நல்லாயிருந்துச்சா மச்சான்?"

"திருடிக் குடிச்சிருக்கேன்! அதுக்கு மேல என்னடா சொல்லணும்?"

"அந்த ஒரு வார்த்தை."

"நல்லாயிருந்துச்சு. போதுமா?"

"போதும். எந்திரிங்க, அது என் நாற்காலி."

தோர்லைஃப் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு நகர்ந்தார். கிளாஸை மட்டும் தலைப்பக்கத்தை நோக்கி நீட்டினார்.