கண்மணி விரிந்த காலை

படகிலிருந்து மரம் இறக்கும்போது கட்டை உருண்டு என் வீட்டுக்காரர் தலையில் அடித்தது. உயிர் இருந்தது, பேச்சு இல்லை. கண் மட்டும் திறந்தபடி இருக்கும். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்கினார்கள். நினைவு இருக்கிறதென்று டாக்டர் எழுதித் தந்தால்தான் கப்பலில் மெட்ராஸுக்கு அனுப்புவார்கள். இல்லாவிட்டால் டெய்ரி ஃபார்ம் பேட்டையில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

டாக்டர் வங்காளி, இளவயது. சிறிதிலிருந்து பெரிதாகக் கறுப்பு வட்டங்கள் அச்சடித்த அட்டையைக் கண்ணோரம் பிடித்து, கண்மணி எந்த வட்டத்தின் அளவென்று பார்ப்பார். மனசு ஒன்றைக் கவனித்தால், பழசைத் தேடினால், கண்மணி விரியுமாம். மனசில் கூட்டிப் பார்க்கச் சொல்லி எண்களைச் சொன்னார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஊஹூம்.

"நாம் லேகர் புலாவோ," என்றார் என்னிடம். புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதாவது! "அதெல்லாம் நஹி, டாக்டர் சாப்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன்.

"ஏங்க, இங்க பாருங்க. குழம்புல உப்புப் போட்டேனா இல்லியா?"

நான் உப்பை மறக்கிறவள் என்று தினமும் என்னைச் சீண்டுகிற மனுஷன். கண்மணி மெல்ல விரிந்தது. "யாத் ஹை! இஸ்கோ யாத் ஹை!" என்று டாக்டரே கத்திவிட்டார். ஞாபகம் இருக்கிறது! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அன்றைக்கே எழுதிக் கொடுத்தார்.

எழுதி என்ன, கப்பல் வர வேண்டுமே! பாழாய்ப்போன மழையும் காற்றும் விடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து குழாயடிச் சண்டை, ரேஷன் அரிசி நாற்றம் என்று வாய் ஓயாமல் பேசினேன். அட்டையை வைத்து நானே அளக்கவும் பழகிக்கொண்டேன்.

ஒரு நாள் காலை துறைமுகத்தில் கப்பல் ஊதியது. "ஏங்க, கப்பல் வந்துடுச்சு!" என்று குனிந்தேன். கண்மணி அட்டையின் கடைசி வட்டத்தளவுக்கு விரிந்திருந்தது. கண் முழுக்கக் கறுப்பு. மனுஷனுக்கு எவ்வளவு சந்தோஷம் பாரேன்! வராந்தாவுக்கு ஓடி டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "தேக்கோ சாப், கித்னா படா!" எவ்வளவு பெரிசு பாருங்கள் என்று காட்டினேன்.

டார்ச் அடித்துப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். பிறகு அந்த இரண்டு கண்களையும் விரலால் மூடினார்.

"ஏன் மூடறீங்க? அவரு கேட்டுக்கிட்டுல்ல இருக்காரு!" என்று நான் அவரிடம் சண்டைக்குப் போனேன்.