நாலு சக்கரத்துக்கும் காற்று எடுத்த ஞாயிற்றுக்கிழமை

எழுபதுகளின் நடுவில் எங்களிடம் ஒரு கார் இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. கொச்சியில், சுள்ளிக்கல்லில் ஒன்றரை அறை வாடகை வீடு, தண்ணீருக்குத் தெருக்குழாய், வாசலில் கார். கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கம்பெனியை மூடியபோது, கிட்டங்கி மூலையில் கோழி அடைந்துகொண்டிருந்த வெள்ளைக்காரன் காலத்து வண்டி அது. கம்பெனியின் மோட்டார்களை வருஷக்கணக்கில் பழுது பார்த்துக் கொடுத்த நன்றிக்கு, என் வீட்டுக்காரரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அவரும் சொன்ன சொல்லுக்கு மாறாமல் தள்ளிக்கொண்டேதான் வந்தார்.

அவருக்கு முனிசிபாலிட்டி பம்ப் ஹவுஸில் வேலை. தண்ணீரை எந்தக் குழாயில் எப்படி விரட்டுவது என்று தெரிந்தவர். கார் பிரேக்கும் அதே சமாச்சாரம்தான், தண்ணீருக்குப் பதிலாக எண்ணெய் என்பார். ஆறு மாதத்தில் வண்டியை ஓடவைத்துவிட்டார். நிறுத்துவதுதான் பாடாக இருந்தது.

பிரேக்கை மிதித்தால் பிடிக்கும். மிதித்தபடியே வைத்திருந்தால், கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கித் தரையைத் தொட்டுவிடும். சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார், எங்கும் ஈரமில்லை. குழாய்களை நீளத்துக்கும் துணியால் துடைத்துப் பார்த்தார், அங்கும் ஒழுகல் இல்லை. வெளியே போகாத எண்ணெய் உள்ளேதான் எங்கோ வழுக்குகிறது என்று முடிவு செய்தார். டிரைவர் காலடியில், தரைக்கு அடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்த ரப்பர் கப் விளிம்பு தேய்ந்து நைந்து கிடந்தது. புது ரப்பர் வாங்கிப் போட்டு, மறுபடி மாட்டினார். மீதியிருந்தது குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுகிற வேலை. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது ஆள் எப்போதும் நான்தான்.

ஆனால் அந்த வாரம் நான் ஏழு மாதக் கர்ப்பிணி. வீட்டில் அப்பா வேறு வந்திருந்தார்.

அப்பாவுக்குக் கோவில்பட்டியில் தையல் கடை. என் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. நானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டது ஒரு குற்றம், வேறு சாதி என்பது இன்னொன்று. இதையெல்லாம் வெளியே சொல்லாமல், "மலையாளத்தான் பேசுத தமிழு எனக்கு வெளங்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரின் தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு மூட்டை தூக்க வந்தவர். பேரனின் தமிழில் பாதி மலையாளம் என்பது உண்மைதான். மூன்று வருஷம் கழித்து அப்பா வந்ததுகூட அம்மாவின் நச்சரிப்பால்தான். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில். பெண்ணைப் பெற்றவர் நேரில் வந்து, "கூட்டிட்டுப் போகட்டுமா மாப்பிள்ளை" என்று ஒரு வார்த்தை கேட்டு, அழைத்துக்கொண்டு போவார்.

வெள்ளிக்கிழமை வந்தவர் அந்த வார்த்தையைத் தவிர எல்லாம் பேசினார், எல்லாம் என்னிடம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி, "அந்த ஆளு சாப்பிட்டாச்சா?" என்று என்னைக் கேட்பார். இவர் "மாமா, மீன் வேணுமா?" என்று கேட்டால் பதில் எனக்கு வரும். இவரோ பொறுமையின் திலகம். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சனிக்கிழமை சோறு போட்டுவிட்டுச் சொல்லியே விட்டேன். "அவங்ககிட்ட நேரா ஒரு வார்த்தை கேளுங்கப்பா. கேட்டா வாரேன். கேக்கலைன்னா என் பிரசவம் இங்கதான்."

"எம் பொண்ண நான் கூட்டிட்டுப் போக எவன்ட்ட கேக்கணும்?" என்றார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்குப் போகவேண்டும். அம்மாவின் கையால் ஒரு வாய் ரசம் சாப்பிட மூன்று வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தேன். தலைப்பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இல்லாமல் என்னால் முடியாது என்ற பயத்தில் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தேன். அப்பாவுக்கு ஞாயிறு சாயங்காலம் ரயில். வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியும். ஸ்டேஷனுக்கு நான் பஸ்ஸில் வயிற்றோடு குலுங்கிக்கொண்டு போகக்கூடாது என்றுதான் அவசர அவசரமாக அந்தப் பிரேக் வேலையைக் கையில் எடுத்தார். நான் போவேனா மாட்டேனா என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை.

ஞாயிறு காலையில் நான் டிரைவர் சீட்டில் ஏறப்போனதும் அப்பா குறுக்கே வந்து நின்றார். வயிற்றுப் பிள்ளைக்காரி மிதிக்கக் கூடாதாம், அவர் மிதிப்பாராம். காரில் ஏறியே பழக்கமில்லாத மனிதர், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். முதுகை நேராக வைத்துக்கொண்டு, தையல் மெஷினில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வேலை கேட்பதற்கு எளிது. மேலே இருப்பவர் பிரேக்கை நாலு தரம் அடித்து, ஐந்தாவதில் அழுத்திப் பிடித்து, பிடித்திருக்கிறேன் என்று சொல்லவேண்டும். கீழே இருப்பவர் சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் சின்னத் திருகான நிப்பிளைத் திறப்பார். எண்ணெயும் காற்றும் ரப்பர் குழாய் வழியாக ஊறுகாய் பாட்டிலுக்கு வரும். பிரேக் தரைக்குப் போகும். நிப்பிளை மூடி, மூடியாச்சு என்று கீழேயிருந்து குரல் வந்த பிறகுதான் மேலே காலை எடுக்கவேண்டும். பாட்டிலில் குமிழி நிற்கும்வரை இதையே செய்யவேண்டும். சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்து, கிட்டத்துச் சக்கரத்தில் முடிக்கவேண்டும்.

இடது பின்சக்கரத்துக்கு அடியில் அவர் படுத்தார். "மாமா, சவிட்டிப் பிடிங்க" என்றார். சவிட்டு என்றால் மிதி, எங்கள் தெருவில் எல்லோருக்கும் அதுதான் வார்த்தை. அப்பா அசையவில்லை. ஜன்னலோரம் நின்ற என்னைப் பார்த்தார். "மிதிச்சுப் பிடிங்கப்பா" என்றேன். மிதித்தார். "பிடிச்சிருக்கேன்னு சொல்லு" என்றார். நான் குனிய முடியாமல் குனிந்து கீழே சொன்னேன். நிப்பிள் திறந்தது, பாட்டிலில் குமிழி வந்தது. "கீழ போயிருச்சுன்னு சொல்லு" என்றார் அப்பா. அதையும் சொன்னேன்.

இருபது தரம் நடந்திருக்கும். குமிழி குறையவே இல்லை.

வீட்டுக்காரர் வெளியே வந்து யோசித்தார். எண்ணெய் தீர்ந்து காற்றை இழுக்கிறதோ என்று பார்க்க, அப்பாவின் காலடியில் இருந்த சிலிண்டர் மூடியைத் திறக்கத் தலையைக் காருக்குள் விட்டார். அப்பா பதறிப்போய் இரண்டு காலையும் சீட்டுக்கு மேலே தூக்கிக்கொண்டார், தன் கால் அவர் தலையில் பட்டுவிடக்கூடாது என்று. எண்ணெய் நிறையவே இருந்தது. குழாய் மூட்டுகளைத் திருகி இறுக்கினார். நிப்பிள் மரையோரம் காற்று நுழைகிறதோ என்று கிரீஸ் அப்பினார். மறுபடி இருபது தரம். மறுபடி குமிழி.

புது ரப்பரைத் திருப்பி மாட்டிவிட்டேனோ, எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கிறேன் என்றார். முகத்திலும் முடியிலும் எண்ணெய். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. கழற்றினால் சாயங்காலத்துக்குள் முடியாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தது நான்தான், இன்றைக்கும் சொல்லிக் காட்டுவேன். கடைசியாக ஒரு தரம் மிதிக்கச் சொல்லிவிட்டு, கீழே குனியாமல் அப்பாவின் காலையே பார்த்தேன். பிரேக் தரைக்குப் போனதும் அப்பா எனக்குச் சேதி சொன்னார். சொல்லும்போதே கால் தானாக மேலே எழுந்துவிட்டது. நாற்பது வருஷம் தையல் மெஷின் மிதித்த கால், கீழே போனால் உடனே மேலே வரத்தான் அதற்குத் தெரியும். கீழே நிப்பிள் இன்னும் திறந்துதான் இருந்தது. "மூடியாச்சு" என்று அவர் சொல்லி, அதை நான் அப்பாவுக்குச் சொல்வதற்குள், போன காற்றெல்லாம் திரும்பி உள்ளே வந்துவிட்டது. மாஸ்டர் சிலிண்டர் தங்கமாக இருந்தது. பழுது நடுவில் நின்ற நான்தான்.

"அப்பா, காத்து என் வழியாத்தான் உள்ள போகுது" என்றேன். "இனிமே நான் சொல்லமாட்டேன். ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு." சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். கோபமாகப் போனேனே தவிர, காது முழுக்க வாசலில்தான் இருந்தது.

இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்களோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிடிச்சாச்சு" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

"திறந்நாச்சு" என்றது கீழிருந்து. கொஞ்ச நேரம் கழித்து, "பூட்டியாச்சு. காலை எடுக்கலாம்."

அடுத்த நாலைந்து தரத்தில், குமிழி குறைகிறது என்று கீழேயிருந்து சந்தோஷமாகக் குரல் வந்தது. எவ்வளவு குறைகிறது என்று அப்பா கேட்டார். அவருடைய வாய் தன்னையறியாமல் கேட்டுவிட்டது. இவர் கடுகளவு, கடுகிலும் பாதி என்று விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தார். வலது பின்சக்கரத்துக்குப் போனபோது, சவிட்டு என்பதை அப்பாவே சொல்லிக்கொண்டு மிதித்தார். முன்சக்கரத்துக்கு வந்ததும், குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் இருந்து செய்யலாமே என்றார். யாருடைய இடுப்பைப் பற்றி அப்பா கவலைப்படுகிறார் என்று எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை.

நாலாவது சக்கரம், அப்பா உட்கார்ந்திருந்ததற்கு நேர் கீழே. நான் மெல்ல வாசலுக்கு வந்துவிட்டேன். பாட்டிலுக்குள் எண்ணெய் குமிழியே இல்லாமல் தெளிவாக இறங்கியது. நிப்பிளை முடுக்கும் சத்தம் கேட்டது. அப்பா இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தார். கால் இறங்கவே இல்லை.

"கல்லு கணக்கா நிக்கு, மாப்பிள்ளை" என்றார்.

அந்தச் சொல் வாயிலிருந்து வந்தது அவருக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. பானட்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு பார்வையைத் தன் காலடியில் இருந்த இரும்புத் தரைக்குத் திருப்பிக்கொண்டார். முகத்துக்கு நேராக இருந்திருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ. தகரத்துக்கு அந்தப்பக்கம் ஒரு மனிதன் மல்லாந்து கிடந்ததால் அவருக்கு முடிந்தது.

"புள்ளைய ஊருக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

வண்டிக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "கூட்டிட்டுப் போங்க மாமா. ஆனா பிரசவ சமயத்துக்கு நானும் அங்க வரும்."

"பின்னே?" என்றார் அப்பா, கிட்டத்தட்டக் கோபமாக. "எங்க வீட்டு மாப்பிள்ளை வராம வேற யாரு வருவா?"