கார் பார்க்கில் காத்திருந்த விருந்தாளி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அது மட்டும் இல்லாவிட்டால் வேன் அங்கிள் பெயர் அந்தப் பட்டியலில் ஏறியே இருக்காது.

நான் படித்த பல்கலைக்கழகக் கல்லூரி, நல்ல நிலைக்கு வந்த பழைய மாணவர்களுக்கும் கல்லூரிக்குத் துணை நின்றவர்களுக்கும் போன வருடம் பாராட்டு விழா வைத்தது. மலாக்கா டவுனில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன் என்று என்னையும் சேர்த்தார்கள். விழாக் கமிட்டி கூட்டத்துக்குப் போனபோது துணை நின்றவர்கள் பட்டியலைப் பார்த்தேன். கட்டடம் கொடுத்தவர், கம்ப்யூட்டர் கொடுத்தவர், எல்லாம் பெரிய ஆட்கள். சுங்கை ரம்பாய்ப் பக்கத்து எஸ்டேட் பிள்ளைகள் பதினான்கு பேரை ஒரு நாள் தவறாமல் தன் வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்ட மனிதர் எங்கே? நேரத்துக்கு பஸ் கிடைக்காத இடம் அது. அவர் இல்லையென்றால் நான் முதல் வருடத்தோடு நின்றிருப்பேன். "டிரைவருக்கெல்லாம் பொன்னாடையா?" என்று கமிட்டியில் ஒருவர் இழுத்தார். "அவருக்கு இல்லேன்னா எனக்கும் வேணாம் லா" என்று எழுந்துவிட்டேன். சரி, தொலையட்டும் என்று கடைசிப் பெயராகச் சேர்த்தார்கள்.

மேடையில் அவரை அசத்த வேண்டும் என்று ஆசை. அதனால் போனில் விஷயத்தைச் சொல்லவில்லை.

"அங்கிள், சனிக்கிழமை ஒம்பது மணிக்கு காலேஜுக்கு வந்துடுங்க. பெரிய விழா."

"எத்தனை பேரும்மா?"

"எத்தனை பேர் வேணாலும் வரலாம் அங்கிள்!"

"சரி, வந்துடறேன்."

மக்கு நான். அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அன்று மண்டபம் நிறைந்திருந்தது. சுங்கை ரம்பாயிலிருந்து எங்கள் பழைய கூட்டத்தில் நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அங்கிள்தான் ஏற்றிக்கொண்டு வந்தாராம். வேனை நிறுத்திவிட்டு வருவார் என்று நானும் இருந்துவிட்டேன். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கடைசியில் அவர் பெயரை வாசித்தார்கள். ஒருவரும் எழவில்லை. மறுபடி வாசித்தார்கள். "வரலை போலிருக்கு, நன்றியுரைக்குப் போயிடலாம்" என்று அறிவிப்பாளர் தாளைத் திருப்பினார்.

"போகாதீங்க! ரெண்டே நிமிஷம்!" என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

கார் பார்க்கில் மரத்தடியில் வேன். கதவைத் திறந்து வைத்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் மனிதர்.

"என்னம்மா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? எல்லாரும் ஏறிடலாமா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அங்கிள்! மேடையில உங்களைத்தான் கூப்பிடுறாங்க!"

"என்னையா? நான் டிரிப்புக்குல்ல வந்தேன்?"

"டிரிப்பாவது கிரிப்பாவது! முதல்ல கையைக் கழுவுங்க."

அவர் தன் ரப்பர் செருப்பைப் பார்த்தார். "இதோடயா? வேணாம்மா, சிரிப்பாங்க."

"எவன் சிரிக்கிறான்னு நானும் பாக்குறேன்." பாட்டில் தண்ணீரை அவர் கையில் ஊற்றி, என் முந்தானையாலேயே துடைத்துவிட்டு இழுத்துக்கொண்டு போனேன். நல்லவேளை, யாரும் கலையவில்லை. கல்லூரித் தலைவரே பொன்னாடை போர்த்தினார். அங்கிள் யார் முகத்தையும் பார்க்காமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் ஐந்து பேரும் கை எரிய எரியத் தட்டினோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எல்லோரும் சாப்பாட்டுக்குப் போனார்கள். அவர் மட்டும் நடைபாதையில் நின்றார். "நீங்கல்லாம் படிச்ச ரூம் எதும்மா? இத்தனை வருஷம் வாசல் கேட்டோட திரும்பிட்டேன்."

மாடிக்குக் கூட்டிப்போனேன். முதல் வரிசை நாற்காலியில் பொன்னாடையோடு உட்கார்ந்தார். வெள்ளைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மக எஸ்.பி.எம். பரீட்சையில நல்ல மார்க்குதான் எடுத்தா. இந்த மாதிரி இடமெல்லாம் நமக்கில்லேன்னு நான்தான் ஃபேக்டரிக்கு அனுப்பிட்டேன். உங்களை இங்க இறக்கிட்டு, அவளைக் கொண்டுபோய் அங்க இறக்குவேன்."

வேனில் முன் சீட்டில் தினமும் ஒரு பெண் உட்கார்ந்து வருவாள். எங்களோடு அவள் ஏன் இறங்கவில்லை என்று நாங்கள் ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

"அவளுக்கு இப்ப நாப்பது ஆகப்போகுது. இனிமே சேத்துக்குவாங்களா?"

"சேத்துக்குவாங்க அங்கிள். வேலை பாத்துக்கிட்டே படிக்கலாம்."

அவர் சட்டென்று எழுந்தார். "அப்ப சோறு கிடக்கட்டும். ஃபாரம் எங்கம்மா குடுக்கிறாங்க?"