சப்பாத்தைக் கழற்றச் சொன்ன கிழவனார்

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, தை மாதம். மொன்றியலில் செயின்ட்-மிஷேல் பக்கம் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது கிழமை. சாப்பாட்டுத் தட்டுக் கொடுப்பது, எடுப்பது, மேசை துடைப்பது, இவ்வளவுதான் வேலை. மன்னாரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது கனடாவில் இரண்டாவது குளிர்காலம். முதலாவதை வீட்டுக்குள்ளேயே கழித்துவிட்டதால், குளிரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னல் கண்ணாடிக்குள்ளால் பார்த்ததுதான்.

அந்தக் கிழமை இரண்டு நாள் பஸ் வரவேயில்லை. மெற்றோவில் இருந்து அரை மணித்தியாலம் நடந்தேன். என் சப்பாத்து பக்கத்து ஊரான லவாலில் மலிவு விற்பனையில் வாங்கியது. பார்க்க நல்ல வடிவு, அடியில் வெடிப்பு. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பார்கள். நான் ஸ்னோவின் ஆழம் தெரியாமல் விட்டேன். வேலைக்கு வந்து பார்த்தால் வலது காலில் கடைசி இரண்டு விரலிலும் உணர்ச்சியே இல்லை.

விறைத்தால் நாங்கள் என்ன செய்வோம்? அனல் காட்டுவோம். உடுப்பு மாற்றும் அறையில் சுவரோடு இருந்த ஹீற்றரில் காலை அழுத்தி வைத்துக்கொண்டு ஒரு கோப்பி குடித்து முடித்தேன். சுடவுமில்லை, நோகவுமில்லை. சரி, சுகமாகிவிட்டது என்று காலுறையை மாட்டிக்கொண்டு எழும்பினேன். நோகாமல் இருப்பதுதான் அங்கே கெட்ட சகுனம் என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த நாளும் அதே வைத்தியம்தான்.

ஜன்னலோர மேசையில் எண்பத்து மூன்று வயதுக் கிழவனார் ஒருவர் இருப்பார். இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர். எனக்கோ எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லாவிட்டால் மனம் ஆறாது. பத்து மாத வகுப்பில் படித்த நொண்டிப் பிரெஞ்சில் அதையும் இழுத்து இழுத்துச் சொல்லுவேன். மற்றவர்கள் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டுச் சூப்பைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். "இண்டைக்கு உங்கட ஊர்ச் சொல் என்ன?" என்றுதான் என்னை வரவேற்பார். அவர் சொன்னதை எல்லாம் எங்கள் பாஷையிலேயே எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் நிற்கிறது.

கால் விறைத்த அன்றைக்கு நான் சொன்னது, "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே." கிழவனார் சிரித்தார்.

"இஞ்சை யானை வராது, பிள்ளை. குளிர்தான் வரும். அதுக்கு ஒருத்தரும் மணி கட்டேல்லை."

சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "ஏன் நொண்டுறாய்? சப்பாத்தைக் கழற்று."

நான் பகிடி என்று நினைத்து நகர்ந்துவிட்டேன். அடுத்த நாளும் அதே பேச்சு. "கழற்று. காலுறையையும் கழற்று." எனக்கு ஒருமாதிரி இருந்தது. மூன்றாம் நாள், தட்டை எடுக்கக் கிட்டப்போனபோது, அந்த மனிதர் கதிரையில் இருந்து சரிந்து என் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார்.

நான் போட்ட சத்தத்தில் தட்டு ஒரு பக்கம், சூப் ஒரு பக்கம். ஆண் ஒருவர் காலில் கை வைப்பது ஒரு கூச்சம் என்றால், அப்பாவைவிட மூத்தவர் என் காலைத் தொடுவது பாவம் என்ற பதற்றம் இன்னொரு பக்கம். சமையலறைக்குள் ஓடினேன். அங்கே வேலை செய்த மட்டக்களப்பு அக்கா முதலில் பகிடி பண்ணினார். "எங்கட வீட்டு மனுசன் இருபது வருசத்தில ஒருக்காக்கூட என்ர காலைப் பிடிச்சதில்ல. உனக்கு மூண்டு கிழமையிலயே!" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல பிள்ளை, இத விடப்படாது, போய்ச் சொல்லு" என்றார்.

போய்ச் சொன்னேன். தலைமைத் தாதி, ஹெயிற்றி நாட்டுப் பெண், எழுதிக்கொண்டே பெருமூச்சு விட்டார். இது அவர்மேல் வந்த மூன்றாவது முறைப்பாடாம். முதல் இரண்டும் இப்படியே, வேலை செய்யும் பெண்களைச் சப்பாத்துக் கழற்றச் சொன்னதாம். இனி அவரை மூன்றாம் மாடிக்கு மாற்றவேண்டி வரும் என்றார். மூன்றாம் மாடி என்றால் நினைவு தவறியவர்களுக்கான மாடி. கதவு பூட்டியே இருக்கும். அங்கே போனவர் கீழே சாப்பிட வருவதில்லை. எனக்குக் கேட்க ஒருமாதிரியாக இருந்தது, ஆனால் அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

அவரிடம் விசாரிக்கப் போன தாதி கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "ஒண்டைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுறார். என்னை எங்கையெண்டாலும் அனுப்புங்கோ, முதல்ல அவளின்ர காலைப் பாருங்கோ எண்டு. ஒருக்காக் கழற்று, அவரின்ர வாயை அடைப்பம்."

கழற்றினேன். காலுறை விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு விரலும் கோயில் மெழுகுதிரி மாதிரி வெளிறிப்போய், அடிப்பக்கம் ஹீற்றரில் வெந்து கொப்பளித்து, ஓரத்தில் கறுப்பு. எனக்கு ஒரு நோவும் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருந்த தாதிதான் "ஐயோ கடவுளே" என்று கதிரையில் இருந்தார். கிளினிக்கில் டொக்டர் சொன்னது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் விரல் இரண்டையும் எடுத்திருக்க வேண்டுமாம்.

இரண்டு கிழமை கழித்து, விரல்களோடு வேலைக்கு வந்தேன். ஜன்னலோர மேசையில் வேறொரு அம்மா இருந்தா.

"மேலை ஏத்திப்போட்டாங்கள்," என்றார் மட்டக்களப்பு அக்கா, என்னைப் பார்க்காமல் கரட் வெட்டிக்கொண்டு. "நானும்தான் சொல்லு எண்டு சொன்னன். என்ர வாயில தையல் போடவேணும்."

நேரே தாதியிடம் போய், என் முறைப்பாட்டைக் கிழித்துப்போடுங்கோ என்றேன். கிழித்தாலும் மற்ற இரண்டும் இருக்கிறதே என்றார். வெள்ளிக்கிழமை அவரின் மகள் வருகிறா, நிர்வாகியும் இருப்பார், அன்றைக்குத்தான் நிரந்தரமாக மேலே வைப்பதா என்று முடிவெடுப்பார்கள், வேண்டுமென்றால் நீ வந்து சொல்லு என்றார்.

மூன்று இரவு கண்ணாடிக்கு முன்னால் நின்று பிரெஞ்சில் பேசிப் பழகினேன். வெள்ளிக்கிழமை அறைக்குள் போனதும் அவ்வளவும் ஆவியாகிவிட்டது. ஒரு பக்கம் நிர்வாகி, ஒரு பக்கம் மகள், நடுவில் தலை குனிந்தபடி கிழவனார். சொல் வராதவள் என்ன செய்வாள்? குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையைக் கழற்றினேன். வெறுங்காலைத் தூக்கி அவர்களுக்கு முன்னால் இருந்த கதிரையில் வைத்தேன். எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு முன்னால் கால் நீட்டினாலே கன்னத்தில் விழும்!

"ஐயா நல்லவர்," என்றேன். "நான் பிழை. இந்த விரல் ரெண்டும் ஐயான்ர." எனக்கு வந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

 திடீரென்று மகள் சிரிக்கத் தொடங்கினா, கண்ணீரும் வந்தது. தங்கள் சின்ன வயதில் குளிர்காலம் முழுக்க, அப்பா பிள்ளைகளைப் பின்னேரம் வரிசையில் இருத்திக் கால் பார்த்துத்தான் சாப்பிட விடுவாராம். தான் கட்டப்போகிறவரை முதன்முதல் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, அந்த மனிதரையும் காலுறை கழற்ற வைத்தாராம். "அப்பாவுக்கு நினைவு தவறேல்லை. அவர் எப்பவும் இப்படித்தான்." ஏன் என்று மட்டும் தனக்குத் தெரியாது என்றா.

அப்போது கிழவனார் வாய் திறந்தார்.

இரண்டாம் உலகப் போரில் அவரைக் கட்டாயமாகப் படையில் சேர்த்து, அலாஸ்காவுக்கும் அங்கால், அலூஷியன் தீவுகளில் ஒன்றில் கொண்டுபோய் இறக்கினார்களாம். ஜப்பான்காரர் பிடித்து வைத்திருந்த தீவு. உயிர் போகும் என்று நினைத்துக் கரையேறினால், ஒரு மனிதர் இல்லை. மூடுபனிக்குள்ளால் அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். நாலைந்து நாய்கள்தான் மிச்சம். அதற்குப் பிறகு மாதக்கணக்காகச் சேற்றிலும் காற்றிலும் கூடாரம். காய்ந்த காலுறையை வயிற்றோடு சேர்த்துக் கட்டி வைத்திருப்பார்களாம். பின்னேரத்தில் இரண்டிரண்டு பேராக இருந்து, ஒருவன் காலை மற்றவன் பார்த்து, துடைத்து, தேய்த்துவிட வேண்டும். அது கட்டளை.

"ஏன் மற்றவன் பார்க்கவேணும்?" என்று நிர்வாகி கேட்டார்.

"தன்ர காலைப் பற்றி எல்லாரும் பொய் சொல்லுவினம்," என்றார் கிழவனார்.

அவரின் சோடி ஒரு பண்ணைக்காரப் பையன். ஊரில் கல்யாண வீடுகளில் வயலின் சத்தம் கேட்டால் கால் நிலத்தில் நிற்காதாம், அவ்வளவு ஆட்டக்காரன். ஒரு கிழமை விடாத மழை. இவருக்கு அலுப்பு, வீட்டு நினைவு. "எப்பிடிக் கால்?" என்று படுத்தபடி கேட்டாராம். "நல்லாயிருக்கு" என்றானாம் அவன். மூன்று பின்னேரம் கேட்டார், மூன்று பின்னேரமும் பார்க்கவில்லை. நாலாம் நாள், ஈரக்குளிரில் கால் அழுகி, அவனால் எழும்ப முடியவில்லை. பாதத்தில் பாதியை வெட்டி எடுத்தார்கள்.

"எதிரி இல்லாத தீவு," என்றார். "நான்தான் இருந்தன்."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டா. எங்கள் ஊர்க் கோயிலில் பெரிய வியாழனன்று, யேசு சீடர்களின் காலைக் கழுவிய நினைவாகச் சுவாமியார் பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவுவதை வருடா வருடம் முன்வாங்கில் இருந்து பார்த்தவள் நான். ஒருவர் என் காலைக் குனிந்து பிடித்தபோது கத்திக்கொண்டு ஓடியவளும் நான்தான்.

திங்கட்கிழமை அவரைக் கீழே கொண்டுவந்தார்கள். ஜன்னலோர மேசையை அந்த அம்மாவிடமிருந்து மீட்கத் தனியாக ஒரு போர் நடந்தது. முதல் நாள் தட்டை வைத்ததும், "இண்டைக்கு உங்கட ஊர்ச் சொல் என்ன?" என்று கேட்டார். நான் பழமொழிக்குப் பதிலாகச் சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் விரலாகப் பார்த்து, "ம்ம், போ" என்றார். குளிர் முடியும்வரை அதுதான் எங்கள் வழக்கம். சமையலறை அக்காவும் ஒருநாள் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து காட்டினார்.

அதற்கு அடுத்த குளிர்காலத்தை அவர் காணவில்லை. ஆனால் இன்றைக்கும் பனிக்காலத்தில் யாராவது என்னிடம் "எனக்கு ஒண்டுமில்லை, நல்லாயிருக்கிறன்" என்று சொன்னால், நான் முகத்தைப் பார்த்து நம்பிவிடுவதில்லை. குனிந்து ஒருதரம் காலைப் பார்க்கிறேன்.