ரயில்வே கேட்டில் ஆறு இலக்கம்

இன்று காலை துறைமுகச் சாலையில் ஒரு லாரி கடந்தபோது வந்த ஈர நிலக்கரி வாசனை, மேம்பாலம் கட்டியதும் இல்லாமல்போன எங்கள் ரயில்வே கேட்டுக்கு என்னைக் கூட்டிப்போனது. நிலக்கரி ஏற்றிவரும் சரக்கு ரயிலுக்காக அது மூடியிருக்கும் காலைகளில், பள்ளிக்கூடப் பையோடு நானும் என் வகுப்புத் தோழி ஜெசிந்தாவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தடக் தடக்கென்று ஊர்ந்துபோகும் பெட்டிகளில் எழுதியிருக்கும் நீள எண்களின் கடைசி ஆறு இலக்கங்களைப் போட்டிபோட்டு உரக்க வாசிப்போம்.

நடுவில் பூஜ்யம் வந்தால் எனக்குத் தடுமாறும். ஒருநாள் 304020-ஐ முப்பத்துநாலாயிரத்து இருபது என்றேன்.

"ஏளா, முட்டையை முழுங்கிட்டியே!" என்று ஜெசிந்தா கத்த, சைக்கிளில் காத்து நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அழுகையை அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் நான் அவசரப்படவில்லை. 500607 வந்தது. வலப்பக்கத்திலிருந்து ஒன்று, பத்து, நூறு என்று விரல் மடக்கி லட்சம்வரை போனேன். பூஜ்யங்களுக்கும் தவறாமல் மடக்கினேன்.

"அஞ்சு லட்சத்து அறுநூத்தி ஏழு!"

ஜெசிந்தாவும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"சரிதாம்ளா," என்று கம்பியோரம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். "அடுத்த பெட்டியையும் நீயே வாசி."