தோட்டத்துக்கு ஒரு பொத்தான்

யுத்தம் திரும்பவும் மூண்டிருந்த நேரம். கண்டியில் ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு இணையத்தளம் வடிவமைக்கும் வேலை. பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாதவர்கள் அவற்றை எப்படி எடுப்பது என்று தமிழில் சொல்லும் தளம் அது. அட்டை இல்லாத தமிழரைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போன காலம். ஆகவே வேலை நல்ல வேலைதான். நாங்கள்தான் அதைக் கெடுத்துக்கொண்டிருந்தோம்.

முதற்பக்கத்தை வகுத்தவர் எங்கள் பணிப்பாளர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்தவர். நானும் யாழ்ப்பாணம்தான். அவர் ஏழு பொத்தான்கள் போட்டிருந்தார். ஏழும் திணைக்களங்களின் பெயர்கள்.

"எந்தக் கந்தோரில என்ன வேலை நடக்குதெண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"படிச்சுக்கொள்ளுவினம், பிள்ளை."

"அவை படிச்சு முடிக்கிறதுக்கிடையில பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்."

நான் அவரிடம் கேட்காமலே பக்கங்களைத் தாள்களில் வரைந்து எடுத்துக்கொண்டு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். சோதிக்கும் முறை இதுதான்: எதிரே இருப்பவர் தாளில் எந்தப் பொத்தானில் விரல் வைக்கிறாரோ, அதற்குரிய அடுத்த தாளை நான் வைக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லக்கூடாது. வழி காட்டினால் சோதனை பாழ். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் எனக்கெதிரே உட்கார்ந்தவளுக்கு இருபத்திரண்டு வயது. கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தவள். தங்கியிருந்த இடத்தைச் சுற்றி வளைத்தபோது அட்டை இல்லையென்று அவளை இரண்டு நாள் பொலிஸில் வைத்திருந்தார்கள். முதலாளி வந்து வெளியே எடுத்துவிட்டார். அட்டை இல்லாமல் திரும்பி வரவேண்டாம், தீபாவளி வியாபாரம் தொடங்கும்வரைதான் இடம் வைத்திருப்பேன் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் ஏழு பொத்தான்களையும் பார்த்தாள். விரல் தாளுக்கு மேலே நின்றது.

"மிஸ், இதுல எது நான்?"

எனக்கு நாக்கு துடித்தது. பேசவில்லை. கடைசியில் குத்துமதிப்பாக ஒன்றைத் தொட்டாள். அது சரியானதாக இருந்தது. அடையாள அட்டைப் பக்கத்தை வைத்தேன். எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தாள்.

"இந்தத் தாள நான் எடுத்துக்கிடவா?"

கொடுத்தேன். ஏன் கேட்கிறாள் என்று யோசிக்கவில்லை.

எட்டு நாள் கழித்து எங்கள் கந்தோருக்கு வந்தாள். தாள் நாலாய் மடிந்து மழையில் ஊறிப்போயிருந்தது.

"கிராம சேவகர் கையெழுத்துப் போட மாட்டாராம் மிஸ். மொத நாள் ஆள் இல்ல. ரெண்டாம் தடவ கச்சேரியில மீட்டிங்குன்னு போயிட்டாரு. இன்னைக்குத்தான் சொல்றாரு, தோட்டத்து ஆளுங்களுக்கு மேனேஜர் தொரைதான் போடணுமாம்."

படிவத்தைக் கிராம சேவகரிடம் உறுதிப்படுத்துங்கள் என்று அந்தப் பக்கத்தில் எழுதியது நான். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம். உலகம் முழுக்க எங்கள் வீடு மாதிரி என்று நினைத்த மண்டைக்கனம். சோதனைக்கென்று எழுதிய தாளை நம்பி ஒருத்தி மூன்று தரம் மலை இறங்கி ஏறியிருக்கிறாள்.

பணிப்பாளர் எழும்பி வந்து தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஆர் எழுதினது?"

"நான்தான்."

திட்டுவார் என்று நின்றேன். "எனக்கும் தெரியாது, பிள்ளை," என்றார். பிறகு முதற்பக்கத் தாளை எடுத்து, தன்னுடைய ஏழு திணைக்களங்களையும் தானே வெட்டினார்.

அவள் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கினோம். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்? கீழே மூன்று பொத்தான்கள்: தோட்டம், கிராமம், டவுன். உள்ளே எழுதுவதற்கு முன் தோட்டத்து ஆபிஸுக்கு ஃபோன் எடுத்து, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். புதிய தாளை அவள் முன் வைத்தேன். விரல் எங்கேயும் நிற்காமல் தோட்டத்துக்குப் போனது. அடுத்த தாளை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இந்தத் தடவ நெசமாவே தொரையா மிஸ், இல்ல உங்க தாள்ல மட்டுந்தானா?"

பணிப்பாளர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் அவளோடு தோட்டத்து ஆபிஸுக்கு நானும் போனேன். கிளாக்கர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துப் படிவத்தை நிரப்பினார், துரை கையெழுத்திட்டார். தாளில் எழுதியிருந்த அதே வரிசையில் எல்லாம் நடந்தது. பிறகு காத்திருந்தோம். அட்டை தபாலில் வந்துவிட்டதா என்று நான் அந்தக் கிளாக்கருக்கு எத்தனை தரம் ஃபோன் எடுத்தேனோ, என் குரலைக் கேட்டாலே "இன்னும் இல்லீங்க" என்பார்.

தீபாவளிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது கொழும்பிலிருந்து அவளே ஃபோன் எடுத்தாள். பின்னால் கடையின் இரைச்சல்.

"பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரையும் எறக்குனாங்க மிஸ். கார்டக் காட்டுனேன். பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"பிறகு?"

"பெறகு என்ன, ஏறி வந்துட்டேன்."

ஃபோனை வைத்தேன். பணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். "அப்ப அந்தத் தோட்டத்துப் பொத்தானை மாத்தவெண்டு இனி நாங்கள் ஒருத்தரும் கை வைக்க வேண்டாம்," என்றார். அன்று பின்னேரம் வரைக்கும் நான் ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை.